தைவேளையா, நாய்க்கடுகா? இலையை விடுங்கள், காய்க்காம்பைப் பாருங்கள்

ஆடியில் நாலு தூறல் விழுந்தால் போதும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் உழாமல் போட்டிருக்கிற மேட்டாங்காட்டிலும், அவிநாசி, பல்லடம் சுற்றி விற்காமல் கிடக்கிற சைட்டுகளிலும் கிட்டத்தட்ட ஒரே சாயலில் இரண்டு செடிகள் கிளம்பிவிடும். இரண்டுக்கும் ஒரே காம்பின் நுனியிலிருந்து விரிகிற மூன்றோ ஐந்தோ சிற்றிலைகள், இரண்டையும் கசக்கினால் மூக்கில் ஏறுகிற நெடி, இரண்டுமே கொஞ்சமாவது கையில் பிசுபிசுக்கும், நல்ல மண் கிடைத்தால் இரண்டுமே இடுப்பு உயரம் வரும். ஒன்று தைவேளை, நல்வேளை என்றும் வேளைக்கீரை என்றும் சொல்வார்கள். இன்னொன்று நாய்வேளை அல்லது நாய்க்கடுகு. ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஒரே சந்தைக்கு வருகிற இரண்டு பாட்டிகள் ஒரே செடிக்கு இரண்டு பெயர் சொல்வதும் உண்டு. அதனால் பெயரை வைத்துச் சண்டை போடாமல் செடியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

பூத்து நிற்கிறபோது பிரிப்பது எளிது. வெள்ளைப் பூ என்றால் தைவேளை, மஞ்சள் பூ என்றால் நாய்க்கடுகு, குழந்தைகூடச் சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால் கீரைக்காகப் பறிக்கிற இளம் பருவத்தில் பூ இருப்பதில்லை, விதைக்காகப் போகிறபோது பூ உதிர்ந்து போயிருக்கிறது. போதாததற்கு ஊதாப் பூ பூக்கிற மூன்றாவது ஒன்று சாக்கடை ஓரமெல்லாம் பரவிக்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் வாட்ஸப்பில் யாராவது ஒரு மஞ்சள் பூவைப் படம் எடுத்துப் போட்டு “காட்டுக்கடுகு, கீரையாகச் சாப்பிடலாம்” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். வேளைகள் கடுகுக் குடும்பம் அல்ல, அதற்குப் பக்கத்துக் குடும்பம். பழைய தாவர நூல்களைப் புரட்டினால் இவற்றை ஆதொண்டை என்கிற முள்கொடியோடு சேர்த்து ஒரே குடும்பத்தில் வைத்திருப்பார்கள். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்த பிறகு, ஆதொண்டையைவிடக் கடுகுக்குத்தான் வேளை நெருக்கம் என்று தெரிந்து, தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். கசக்கிப் பார்க்கிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடுகில் இருக்கிற குளுக்கோசினோலேட் வகைச் சத்துகள் வேளையிலும் இருக்கின்றன. இலை முழுசாக இருக்கிறவரை அவை ஒரு பக்கம், மைரோசினேஸ் என்கிற நொதி இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடக்கும். நசுக்கினால் இரண்டும் கலந்து, கண்ணில் நீர் வரவைக்கிற அந்தக் காரம் பிறக்கும். தின்ன வருகிற பூச்சிகளை விரட்டத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் அதையே தேடி வருகிற பூச்சிகளும் உண்டு. தரையை ஒட்டித் தள்ளாடிப் பறக்கிற, சிறகில் ஒரு கருப்புப் பொட்டு வைத்த சின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டையிடுவது வேளைச் செடிகளிலும் ஆதொண்டை வகைகளிலும்தான். அது ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் குனிந்து பாருங்கள், அநேகமாக வேளை இருக்கும்.

கடுகுக் குடும்பம் பெரும்பாலும் குளிர்ந்த நாட்டுச் சரக்கு. கொங்குச் சமவெளி வெயிலுக்கு அது தானாகக் காடு மேடெல்லாம் முளைப்பது அரிது. நம் பக்கம் கீழே தென்படுவது அநேகமாகத் தாளிக்கிற கடுகுதான், புழக்கடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற இடத்திலும் சந்தைத் திடலிலும் சிந்தியது முளைத்திருக்கும். ஆகவே சமவெளியில் காட்டுக்கடுகு என்று யாராவது எதையாவது காட்டினால் முதல் சந்தேகம் வேளை மேல் இருக்கட்டும்.

சரி, கையில் இருப்பது கடுகா வேளையா? இலையில் தொடங்கலாம். கடுகின் அடியிலைகள் ஓரம் வெட்டுப்பட்டு நீளமாக இருக்கும், ஆனால் ஒரு காம்பின் நுனியிலிருந்து ஐந்து தனி இலையாக விரியாது. வேளை விரியும். அடுத்தது பூ. இரண்டிலும் நாலு இதழ்தான். கடுகில் அந்த நாலும் நாலு திசைக்குச் சிலுவையாக நிற்கும். வேளையில் நாலு இதழும் மேல் பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், கீழ்ப்பக்கம் காலியாக இருக்கும், பிஞ்சும் மகரந்தத்தாள்களும் அந்தக் காலி இடத்தில் துருத்திக்கொண்டு வரும். கடுகுப் பூவுக்குள் மகரந்தத்தாள் ஆறு, அதில் நாலு நெட்டை, இரண்டு குட்டை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் என்று அந்தக் குடும்பத்தில் எதைப் பூக்கவிட்டாலும் அநேகமாக இதே கணக்குதான் வரும். வேளையில் அந்த நெட்டை குட்டை வேறுபாடு கிடையாது.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை காய்ந்த காயில் இருக்கிறது. இரண்டுமே நீளக் காய்கள், முற்றியதும் இரண்டு ஓடும் கழன்று விழும். கடுகில் ஓடு விழுந்த பிறகு நடுவில் மெல்லிய, வெள்ளையான, வெளிச்சம் ஊடுருவுகிற ஒரு தாள் நிற்கும். விதைகள் அதன் இரு பக்கமும் இருந்திருக்கும். வேளையில் அந்தத் தாள் கிடையாது. விளிம்பு நரம்பு மட்டும் மெல்லிய வளையமாக நிற்கும், கண்ணாடி போன ஜன்னல் சட்டம் மாதிரி. பூவும் இல்லை, இலையும் காய்ந்துவிட்டது என்கிற மாசி பங்குனியில்கூட இந்த ஒன்றை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது வேளைக்குள் வேளையைப் பிரிப்பது. இங்கேதான் கட்டுரைத் தலைப்பில் சொன்ன காய்க்காம்பு வருகிறது. தைவேளைப் பூவைக் காலையில், வெயில் ஏறி இதழ் துவளுவதற்கு முன்னால் பாருங்கள். பூக்காம்பு வந்து ஓர் இடத்தில் முடிகிறது, அங்கே நாலு வெள்ளை இதழ். சாதாரணமாக மகரந்தத்தாளும் பிஞ்சும் அங்கேயேதானே கிளம்ப வேண்டும்? இதில் அப்படி இல்லை. இதழ்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு மெல்லிய காம்பு முன்னே நீண்டு வருகிறது, அதன் பாதி வழியில்தான் ஆறு ஊதா நிற மகரந்தத்தாள்கள் பக்கவாட்டில் விரிகின்றன, அதையும் தாண்டிக் காம்பு போய் அதன் கடைசியில் பிஞ்சு. அதாவது இதழ் ஓர் இடம், மகரந்தத்தாள் ஓர் இடம், பிஞ்சு ஓர் இடம். நம் காட்டில் இப்படி மூன்று மாடி கட்டுகிற வேளை இது ஒன்றுதான்.

பூ போன பிறகும் இந்த அடையாளம் போகாது. முற்றிய காய் ஒன்றைத் தண்டிலிருந்து காம்போடு பிய்த்து எடுங்கள். காம்பின் அடியிலிருந்து காயை நோக்கிக் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். தைவேளையில் காயை எட்டுவதற்கு முன் இரண்டு இடத்தில் நகம் தட்டும். முதல் கணு இதழ்கள் உதிர்ந்த இடம், இரண்டாவது மகரந்தத்தாள்கள் உதிர்ந்த இடம். நாய்க்கடுகில் ஒரே தட்டு, அதுவும் காயின் அடியிலேயே. இதழும் தாளும் காயும் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தன, இடையில் காம்பே கிடையாது. ஊதாப் பூ வேளையில் ஒரு கணு தட்டும், அதற்கு மேல் குட்டையாகக் கொஞ்சம் காம்பு, பிறகு காய். தைவேளையில் இரண்டு தட்டு, நாய்க்கடுகில் காயடியில் ஒரே தட்டு, ஊதாப் பூ வேளையில் ஒரு தட்டும் கொஞ்சம் காம்பும். இருட்டில்கூடச் செய்யலாம்.

நாய்க்கடுகை இன்னும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மஞ்சள் பூ என்பது தெரிந்ததே. மகரந்தத்தாள்களை எண்ணினால் ஆறோடு நிற்காது, பத்தைத் தாண்டும், பல பூக்களில் இருபதையும் தாண்டும். காய் வானத்தைப் பார்த்து நேராக நிற்கும், இரண்டிலிருந்து நாலு அங்குலம் வரை, நீளவாக்கில் கோடு கோடாக, மேலெல்லாம் ஒட்டுகிற முடி. முற்றினால் நுனியிலிருந்து கீழே பிளந்துகொண்டு வரும். இந்தச் செடியின் பிசுபிசுப்பு சாதாரணமானதல்ல, தண்டு, இலை, காய் எதைத் தொட்டாலும் விரலில் பசை ஏறும், புழுதியும் சின்னப் பூச்சிகளும் ஒட்டிக்கொண்டு செடியே அழுக்காகத் தெரியும். தைவேளையும் ஒட்டும்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

ஊதாப் பூ வேளையைப் பற்றிச் சுருக்கமாக. இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து உலகம் பூரா பரவிவிட்ட களை. ஈரம் கண்ட இடத்தில், சாக்கடை விளிம்பில், நர்சரிப் பைகளில், பூந்தொட்டிகளில் தாழ்வாகப் படர்ந்து நிற்கும். சிற்றிலை மூன்றுதான், ஐந்து தேடினாலும் கிடைக்காது. விதையில் வெள்ளையாக ஒரு சின்னச் சதை ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தச் சதைக்காக எறும்புகள் விதையை இழுத்துப்போய்ப் போடுகின்றன. இன்டர்லாக் கல் இடுக்கில் வரிசையாக முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். செம்மண் மானாவாரி நிலத்தில் இன்னொரு இளஞ்சிவப்புப் பூ வேளையும் கண்ணில் படலாம், அதில் இலை சிற்றிலையாகப் பிரியாமல் ஒற்றை இலையாகவே நீண்டிருக்கும். இவை இரண்டையும் தைவேளையோடு குழப்ப வேண்டிய அவசியமே இல்லை, இலையை எண்ணத் தெரிந்தால் போதும்.

இப்போது கஷ்டமான கட்டம். பூவும் இல்லை, காயும் இல்லை, ஒரு சாண் உயரச் செடி. கீரைக்குக் கேட்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். தைவேளையில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலை, ஏழும் வரும், இலைக்காம்பு நீளம், தண்டில் பல நேரம் ஊதாச் சாயை. நாய்க்கடுகில் கீழ் இலைகளில் ஐந்து இருந்தாலும் மேலே போகப் போக மூன்றாகக் குறைந்து காம்பும் குட்டையாகிவிடும், பசை அதிகம். இவை எல்லாம் உண்மைதான், ஆனால் நிழலில் வளர்ந்த செடி ஒரு மாதிரி, காய்ந்த காட்டில் வளர்ந்தது ஒரு மாதிரி என்று எல்லாமே கலைந்துவிடும். இலையை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு சொல்கிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. சுற்றிலும் ஒரு பத்தடி பாருங்கள், முந்தி முளைத்த மூத்த செடி ஒன்று பூவோடு நிற்கும், அல்லது போன பட்டத்துக் காய்ந்த குச்சி காயோடு நிற்கும். கிளுவை வேலி ஓரத்தில் மாடு வாய் வைக்காமல் விட்டது எப்படியும் ஒன்றிரண்டு தப்பியிருக்கும். அது சாட்சி. சாட்சி எதுவும் கிடைக்காவிட்டால் மொட்டு கண்ணில் படுகிறவரை பொறுங்கள். மொட்டு வந்த பிறகும் நுனி இளசாகத்தான் இருக்கும், நட்டம் ஒன்றும் இல்லை. சந்தையில் கலவைக்கீரை விற்கிற ஓர் அம்மா தைவேளையை மட்டும் எப்போதும் பூ நுனியோடு கட்டி வைத்திருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “பூவோட ஒடிச்சுட்டு வந்தாத்தான் கண்ணு வாங்கறவீங்க நம்பறாங்க” என்றார். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சுக்குட்டிக்கீரை எதற்கும் அவர் இந்த ஜாக்கிரதையைச் செய்வதில்லை.

கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு: நாய்க்கடுகு ஆளைக் கொல்கிற விஷச்செடி அல்ல, அதன் விதையைத் தாளிப்புக்குச் சேர்க்கிற பழக்கம்கூட நாட்டில் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் பச்சை இலையை அரைத்துத் தோலில் வைத்தால் எரிந்து கொப்புளம் போடும். காது வலிக்கு அதன் சாற்றை விடுகிற கைவைத்தியம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, தோலையே புண்ணாக்குகிற சாற்றைக் காதுக்குள் விடுவது வேண்டாத வேலை, காது டாக்டரைப் பாருங்கள். தைவேளையும் கசப்புத்தான். ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பருப்போடு கடைந்தாலும் சரி, புளித்த மோர் சேர்த்தாலும் சரி, கசப்பு அடங்கும். வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரோடு சேர்த்து ஆக்கிய புளிங்கூழ் பற்றிச் சங்கப் பாட்டிலேயே வருகிறது, ஆக தயிரோ மோரோ சேர்ப்பது யாரும் யூட்யூபில் கண்டுபிடித்தது அல்ல.

அசல் கடுகுச் சொந்தங்களைப் பிரிக்க ஆசை இருந்தால் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத்தான் வேண்டும். ஊட்டி, கோத்தகிரி கேரட் தோட்டத்து வரப்புகளில் அந்தக் குடும்பத்துக் களைகள் கிடைக்கும். காட்டு முள்ளங்கி என்றால் வெளிறிய இதழில் கருத்த நரம்பு ஓடும், காய் விதைக்கு விதை இடுக்கிக்கொண்டிருக்கும், முற்றினால் நீளவாக்கில் பிளக்காது, குறுக்கே துண்டு துண்டாக ஒடியும். சின்ன வெள்ளைப் பூவும், முக்கோணமாகத் தட்டையான காயும் என்றால் கேப்செல்லா, காயைப் பார்த்தால் வேறு எதோடும் குழப்ப முடியாது. கடுகு இனத்துக்குள்ளேயே பிரிக்க மேல் இலை உதவும்: நம் தாளிப்புக் கடுகில் பூங்கொத்துக்குக் கீழே உள்ள இலை சின்னக் காம்போடு தண்டில் சேரும், வடநாட்டுச் சர்சோன் வகையில் அந்த இலைக்குக் காம்பே இல்லாமல் அதன் அடிப்பகுதி இரண்டு பக்கமும் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். தூரத்தில் இருந்து மஞ்சளாக இரண்டும் ஒன்றுதான், தண்டைப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

விதை விஷயம் தனி. கடுகு உருண்டை, தொட்டால் வழுவழுப்பு. நாய்க்கடுகு விதை சுருண்டு வளைந்து, மேலே குறுக்குக் கோடுகளோடு சொரசொரப்பாக இருக்கும், கடுகைவிடச் சிறிது. போன் கேமராவை நெருக்கி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே கோடு தெரியும். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த இரண்டையும் பற்றி அல்ல, பிரமதண்டு விதையைப் பற்றி. குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்கிற அந்த முள்செடி கடுகுக்கு எந்த உறவும் இல்லை, ஒடித்தால் மஞ்சள் பால் வடியும், அதனால் செடியாக நிற்கும்போது குழப்பமே வராது. விதை மட்டும் கடுகு மாதிரியே கருப்பாக இருந்து தொலைக்கும். அதில் சாங்குவினரின் என்கிற நஞ்சு உண்டு. 1998-ல் டெல்லியில் அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு, கால் வீங்கி, இதயம் பாதித்து, அறுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நாம் கடலெண்ணெய், நல்லெண்ணெய்க்காரர்கள், அந்த அளவுக்கு நம் வயிற்றுக்குள் போகாது. இருந்தாலும் உதிரியாகக் கடுகு வாங்குகிறவர்கள் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். வழுவழுப்பு இல்லாமல், வலைபோட்ட மேடுபள்ளத்தோடு, கூடுதல் கருப்பாக ஏதாவது இருந்தால் எடுத்துக் கரண்டியால் நசுக்குங்கள். உள்ளே மஞ்சள் என்றால் கடுகு, வெள்ளை என்றால் பிரமதண்டு.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீராத செடி ஏதாவது கிடைத்தால் அதைப் படம் எடுக்கிற விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பூவை மட்டும் அழகாக எடுத்து அனுப்பாதீர்கள். பூவைப் பக்கவாட்டில் ஒன்று, மகரந்தத்தாள் எண்ணுகிற மாதிரி நேராக ஒன்று, காயை அதன் முழுக் காம்போடு ஒன்று, கீழ் இலை ஒன்று, மேல் இலை ஒன்று. செடியாகவே வைத்துக்கொள்ள நினைத்தால் பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பி, மேலே கனம் வைத்து, தாளைத் தினம் மாற்றுங்கள். நாய்க்கடுகு தாளோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கு மட்டும் மெழுகுத்தாள் வையுங்கள். இடம், தேதி, பூ நிறம் மூன்றையும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் நிறம் மாறிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. சென்னைப் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைத்திருக்கிற இடம், இருப்பதே கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல அலுவலகத்தில்தான்.

அப்புறம், பறிக்கிற இடம். தைவேளை என்று உறுதியான பிறகும் ரோட்டோரத்திலும், சாயத்தண்ணீர் ஓடுகிற ஓடைக்கரையிலும் கை வைக்காதீர்கள். பருத்திக்காட்டு வரப்பில் நிற்கிறது என்றால் காட்டுக்காரரிடம் மருந்து எப்போது அடித்தது என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். களைக்கொல்லி அடித்த ஓரிரு நாளில் செடி பச்சையாகவேதான் நிற்கும்.